அரை மதிப்பெண் மரங்கள்

பெரிய சாலையில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி நின்ற தூங்குமூஞ்சி மரத்துக்கு வயது நானூறு. அது முளைத்தது, நான்காம் வகுப்பு டீச்சர் அரையாண்டுத் தேர்வின் வரலாற்றுத் தாள்களைத் திருத்தி முடித்த மறுநாள் காலையில். இரண்டும் உண்மை, இரண்டையும் ஊரில் யாரும் மறுத்ததில்லை. பால் வாங்கப் போனவர்கள் மரத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மின்கம்பி அந்த மரத்துக்காகவே எத்தனையோ வருடங்களுக்கு முன்பு வளைத்துக் கட்டப்பட்டிருந்தது. அடிமரத்தில் துருப்பிடித்த ஆணிகள் இருந்தன, பழைய சுவரொட்டிகளின் பசை இருந்தது, இதயம் வரைந்து அம்பு விட்ட காதலர்களின் முதலெழுத்துகள் இருந்தன. அவர்களில் ஒரு ஜோடி அன்று காலையே தங்கள் பேரனைக் கூட்டிவந்து அதைக் காட்டியது. ஊரார் இரண்டு ஞாபகங்களையும் வைத்துக்கொண்டார்கள்: மரமே இல்லாத சாலை ஒன்று, மரம் எப்போதும் நின்ற சாலை ஒன்று. ஒரு வீட்டில் இரண்டு குடை இருப்பதில்லையா, எது கைக்கு வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு போவதில்லையா, அதுபோலத்தான்.

டீச்சரைப் பற்றிச் சொல்லவேண்டும். பிள்ளைகளுக்கு நேரில் அவர் மிஸ், முதுகுக்குப் பின்னால் அரை மார்க். தொடக்கப் பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு ராஜாவுக்கு ஒரு பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதிலும் பாதி படம். எந்த ராஜாவின் படத்திலும் ஒரே மீசை. ஒரு வம்சம் எழுந்து, சண்டை போட்டு, தமக்குள் விஷம் வைத்துக்கொண்டு மாண்டுபோவதை ஒரு பீரியடுக்குள் நடத்தி முடிக்கவேண்டும், மணி அடித்தால் அடுத்து கணக்கு. அந்த வயதுப் பிள்ளைக்கு நேற்றும் நானூறு வருடமும் ஒன்றுதான். அவர்களிடம் போய், இந்த மீசை என்ன செய்தது, அந்த மீசை என்ன செய்தது என்று இரண்டு மதிப்பெண் கேள்வி கேட்டால் என்ன எழுதுவார்கள்? "அவர் சாலையின் இருபுறமும் மரங்களை நட்டார்" என்று எழுதுவார்கள். அண்ணன் போட்டுக் கழித்த சீருடையோடு தம்பிக்கு வந்து சேரும் விடை அது. பள்ளி வாசலில் தலை சீவிவிடும் அம்மாக்களும், ஒன்றும் தெரியாவிட்டால் மரம் நட்டார் என்று எழுதிவிடு, எந்த ராஜா வந்து இல்லை என்று சொல்லப்போகிறான் என்றுதான் அனுப்பிவைப்பார்கள். டீச்சருக்கு அந்த விடை தவறு என்று தெரியும். ஆனால் பூஜ்யம் போட அவர் கை ஓடாது. வெறும் தாளைக் கொடுக்காமல் பிள்ளை ஏதோ எழுதியிருக்கிறதே என்று அரை மதிப்பெண் போடுவார். இருபத்தைந்து வருடமாகப் போட்டுவந்தார். அத்தனை வருடம் முளைக்காத மரம் அந்த வருடம் ஏன் முளைத்தது என்று கேட்டால், அரையும் அரையும் சேர்ந்தால் என்றைக்காவது முழுசாகத்தானே வேண்டும் என்பது தபால்காரரின் கருத்து. வேறு யாரிடமும் வேறு கருத்து இல்லாததால் அதுவே நிலைத்துவிட்டது.

முதல் மரத்துக்குப் பிறகு மாதத் தேர்வுக்கு மாதத் தேர்வு மரங்கள் வந்தன. கல்லூரியிலிருந்து தாவரவியல் பேராசிரியர் ஒருவர் வந்து, இந்தச் சாதி மரம் கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்தே இருநூறு வருடம் ஆகவில்லை, இதற்கு நானூறு வயது இருக்க வழியே இல்லை என்று நாடா பிடித்து அளந்து சொன்னார். என்ன மரம் என்று பிள்ளைகள் விடையில் எழுதவில்லை, அதனால் மரம் தன் இஷ்டத்துக்கு வந்திருக்கிறது என்று டீச்சர் விளக்கினார். பேராசிரியர் அதைக் குறித்துக்கொண்டு, நிழலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். ஒரு பிள்ளை மரத்தோடு நிறுத்தாமல் குளங்களையும் வெட்டினார் என்று சேர்த்து எழுதியதில், தபால் நிலையத்தின் பின்கட்டில் படித்துறையோடு ஒரு குளம் வந்தது. தபால்காரர் நீச்சல் கற்றுக்கொண்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சொன்னது சுரைக்காய்க்கு மட்டும் பொருந்தும் போலிருக்கிறது. ஏட்டு மரம் நல்ல நிழல் தந்தது.

இதில் அடிபட்டவர் ஒருவர் உண்டென்றால் அது டீச்சரின் கணவர். அவர் சாலைத் துறையில் இன்ஜினியர். பெரிய சாலையை அகலப்படுத்துவதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. ஓய்வு பெறுவதற்குள் அதைத் திறந்து பார்த்துவிடவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக யாருக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. அவர் பகலெல்லாம் வெயிலில் நின்று கோடு போட்டுவிட்டு வருவார். அதே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டீச்சர் சாயங்காலம் உட்கார்ந்து தாள் திருத்துவார், விடிந்தால் கோட்டின்மேல் மரம் நிற்கும். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், அந்த மரம் அவருடைய கையெழுத்திலேயே எப்போதோ குறிக்கப்பட்டிருக்கும். வேறொரு வீடாக இருந்தால் பாத்திரம் பறந்திருக்கும். இங்கே அதுகூட நடக்கவில்லை. ஏனென்றால் முதல் மரம் வரும்வரை அவர்கள் சண்டை போடும் அளவுக்குப் பழகியிருக்கவில்லை, வந்த பிறகு சண்டை போட மனம் வரவில்லை. ரயிலில் அவருடைய அக்காவும் டீச்சருடைய சித்தப்பாவும் எதிரெதிரே உட்கார நேர்ந்து, பொழுது போகாமல் பேசி முடித்த கல்யாணம் அது. கேஸ் தீர்ந்துவிட்டது என்று இவர் சொல்வார், சரி என்று அவர் சொல்வார். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். அவரை யாரோ தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று டீச்சர் நினைத்திருந்தார். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார் என்பது இவருடைய எண்ணம்.

பேருந்து நிறுத்தத்து மரம் வந்த அன்று காலை, ரொட்டியைப் பாலில் நனைத்துக்கொண்டிருந்த இன்ஜினியர் நிமிர்ந்து பார்த்து, "அன்னைக்கு மழையில நீ அந்த மரத்தடியில நின்னுட்டிருந்தே" என்றார். சொன்னபோதே இருவருக்கும் அது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதிது, விடைத்தாள் கட்டைப் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மரத்தடியில் ஒதுங்கியிருக்கிறார். சாலையை அளக்க வந்த இளம் இன்ஜினியர், நனையாத இடம் ஓர் ஆளுக்குத்தான் இருக்கிறது என்று கண்டு, கொட்டும் மழையில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு எதையோ அளப்பதுபோல் நின்றிருக்கிறார். மழையில் யாரும் சாலையை அளப்பதில்லை என்று டீச்சருக்கு அப்போதே தெரியும். அதன் பிறகு ரயிலில் நடந்ததும் தற்செயல் இல்லை. சித்தப்பா எந்தப் பெட்டியில் ஏறுகிறார் என்று விசாரித்து அக்காவை அனுப்பியதே இன்ஜினியர்தான். ஆக, கேட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஒருவர் தன்னை விரும்பிக் கேட்டார் என்பது இத்தனை வருடம் கழித்துத் தெரிந்ததில் டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று வகுப்பில் இரண்டு போர்களையும் ஒரு பஞ்சத்தையும் சிரித்துக்கொண்டே நடத்தினார். அதன் பிறகு இருவரும் சாயங்காலங்களில் சேர்ந்து நடக்கப் போனார்கள், வழியில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டவர்கள் கேட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மரம் போனால் என்ன ஆகும் என்பது தையல்காரர் விஷயத்தில்தான் தெரிந்தது. தையல்காரரும் அவருடைய அண்ணனும் ஒட்டிய கடைகள் வைத்துக்கொண்டு, நடுச்சுவர் யாருடையது என்று பத்து வருடம் முகம் பாராதவர்கள். கடை வாசலில் ஒரு மரம் வந்ததும், சின்ன வயதில் அதன் கிளையில் ஒன்றாக ஊஞ்சல் ஆடியது இருவருக்கும் ஞாபகம் வந்து, நடுச்சுவரை இடித்து ஒரே கடையாக்கினார்கள். பிறகு ஒரு அம்மா, தன் பிள்ளையைவிடப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எப்படி அரை மதிப்பெண் கூடுதலாக வரலாம் என்று பள்ளியில் சண்டைக்கு வந்தார், தலைமையாசிரியர் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அரையைக் கோடு போட்டு அடித்தார், அந்த அரையில் வந்த கடை வாசல் மரம் போயிற்று. ஊருக்கு மரம் போனது தெரிந்தது. அதன் அடியில் வாழ்ந்த அண்ணன் தம்பிக்கு மட்டும் மரம் இருந்ததே ஞாபகம் இல்லை. இடிந்து கிடந்த சுவரைப் பார்த்து, நீதான் இடித்தாய் என்று ஒருவரையொருவர் காவல் நிலையத்துக்கு இழுத்தார்கள். டீச்சர் அன்று வீட்டுக்கு வந்து, பேருந்து நிறுத்தத்து மரத்தை ஜன்னலிலிருந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மரத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அதை நட்டவன் எரித்த ராஜா. பாடப் புத்தகத்தில் அவனுக்கும் ஒரு பக்கம் உண்டு. அவன் செய்தது ஒன்றே ஒன்றுதான், ஆற்றங்கரை ஊர்கள் மூன்றை ஆட்களோடு வைத்து எரித்தான். டாக்டர் மகன் மட்டும் அவனும் சாலையின் இருபுறமும் மரங்களை நட்டதாக எழுதியிருந்தான், டீச்சரும் வழக்கம்போல அரை போட்டிருந்தார். மரம் வந்த மறுமாதமே கடைத்தெருப் பெரிய மனிதர்கள் கூடிப் பேசினார்கள். இவ்வளவு நிழல் கொடுத்தவன் எப்படி எரித்திருப்பான், எதிரிகள் கட்டிவிட்ட கதையாக இருக்கும் என்றார்கள். பாடத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டு மரத்தடியில் ராஜாவுக்குச் சிலை வைக்க ஒரு குழுவும் போட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டதுண்டு. இவர்கள் மூன்று ஊரை ஒரு மரத்தடியில் மறைத்தார்கள்.

அதே வகுப்பில் சலவைக் கடைக்காரர் மகள் ஒருத்தி படித்தாள். எரிந்த ஊர்களில் ஒன்றிலிருந்து அந்தக் காலத்தில் தப்பி வந்தவர்களின் வழிவந்த குடும்பம் அவளுடையது. அவள் எரித்த ராஜாவைப் பற்றிச் சரியாக எழுதி இரண்டுக்கு இரண்டு வாங்கியிருந்தாள். அதற்காக எங்கும் எதுவும் முளைக்கவில்லை. சரியான விடைக்கு எதுவும் முளைப்பதில்லை, அது ஏற்கெனவே நடந்து முடிந்தது. அவள் ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்றாள்.

"மிஸ், அவர் எங்க ஊரை எரிச்சது நிஜமா, மரம் நட்டது நிஜமா?"

"எரிச்சதுதாம்மா நிஜம்."

"அப்போ மரம்?"

மணி அடித்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மணி அடித்ததற்காக டீச்சர் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான். சந்தோஷப்பட்டதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. சிறுமி பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள், கணக்கு டீச்சர் வந்து உட்காரச் சொல்லும்வரை.

இதற்கிடையில் சாலைத் துறை மேலிடம் விழித்துக்கொண்டது. மரங்களை வெட்டலாம் என்றால், நானூறு வயது மரத்தை வெட்ட ஏழு துறைகளின் சம்மதம் வேண்டும். இது கல்வித் துறை நட்ட மரம், அவர்களே பிடுங்கட்டும் என்று ஒருவர் கண்டுபிடித்தார். கல்வி அதிகாரி காரில் வந்து இறங்கினார், காரை மரத்தடியிலேயே நிறுத்தச் சொன்னார், பள்ளிக்குள் போய் உத்தரவை வாசித்தார். வரலாற்றுத் தாள்களில் இனி அரை மதிப்பெண் கூடாது. போட்ட அரைகளை எல்லாம் ஒரு வாரத்துக்குள் திரும்பத் திருத்தி அடிக்கவேண்டும். தவறினால் டீச்சர்மேல் நடவடிக்கை. அதோடு, வீட்டிலேயே தடையை வைத்துக்கொண்டு சாலை போடுகிறவர் என்பதால் இன்ஜினியரும் ஓய்வுக்கு முன்பே வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும். கடைசி நாள் சாயங்காலம், மேசையில் இருந்த பாத்திரங்களை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, விடைத்தாள் கட்டை இன்ஜினியரே கொண்டுவந்து வைத்தார். மை தீர்ந்துபோகலாம் என்று இரண்டு சிவப்புப் பேனா.

டீச்சர் அடிக்கத் தொடங்கினார். மரங்கள் போவதில் சத்தம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் ஜன்னலில் வெளிச்சம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். உட்கார இடம் காணாத பறவைகள் மொட்டைமாடிக் கொடிக்கயிறுகளில் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தன. தபால் நிலையத்தில் தண்ணீர் வடிந்து, தபால்காரர் தரையில் நீந்தியபடி இருந்ததாகச் சொல்வார்கள். அது மிகையாக இருக்கலாம். கடைசியாக டாக்டர் மகனுடைய தாள் வந்தது. டீச்சர் பேனாவை மூடி வைத்தார்.

"இதை அடிச்சா நீங்க என்னை எங்கேயும் பார்த்திருக்க மாட்டீங்க."

"தெரியும்."

"ரோடு போடணும்ல."

"ரோடு போடணும்தான்" என்றார் இன்ஜினியர். இரண்டாவது சிவப்புப் பேனாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "ரோடு போனாப் போகுது, நீ அடிக்க வேணாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

டீச்சருக்கு அழுகை வந்தது. தன் வாழ்க்கையில் யாரும் தனக்காக ஒரு சாலையை விட்டுக்கொடுத்ததில்லை என்று நினைத்துக்கொண்டார். வேலை போனாலும் பரவாயில்லை, அந்த மழை இருக்கட்டும் என்று தோன்றியது. ஆனால் சலவைக் கடைக்காரர் மகள் அவர் மனதுக்குள் இன்னும் வகுப்பில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னது கணக்கு டீச்சர்தான், வரலாற்று டீச்சர் இல்லை. மூன்று ஊர் வெந்த சாம்பலில் தன் கல்யாணத்துக்கு நிழல் வேண்டுமா என்று யோசித்தார். வேண்டும் என்றுதான் மனம் சொன்னது. அதனால்தான் கை பேனாவை எடுத்தது. அடிப்பதற்கு முன் கடைசியாக விடையை ஒருமுறை பார்த்தார். பார்த்தபோதுதான், டாக்டர் மகனின் எழுத்து அச்சில் வார்த்ததுபோல் இருந்ததைக் கவனித்தார். அந்தக் குடும்பத்தில் படிக்கும்படி எழுதிய முதல் ஆள் அவன்தான். டீச்சர் தாளின் ஓரத்தில், ராஜாவுக்கும் மரத்துக்கும் சம்பந்தமில்லாத இடத்தில், 'கையெழுத்துக்கு' என்று எழுதிக் கால் மதிப்பெண் போட்டார். இன்ஜினியர் உத்தரவை எடுத்து, ஒப்பந்தம் படிப்பதுபோல் மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, கால் மதிப்பெண்ணைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை என்றார். அவருடைய கை டீச்சரின் இடது கைமேல் இருந்தது. டீச்சர் வலது கையால் அரையை அடித்து, ராஜாவுக்குப் பூஜ்யம் போட்டார்.

ஜன்னலில் வெளிச்சம் கூடியது. இன்ஜினியர் தன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மெதுவாக எடுத்துக்கொண்டார். பால் வாங்கணுமா என்று கேட்டார். வாங்கணும் என்றார் டீச்சர்.

மறுநாள் சாலை மொட்டையாக இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் மரம் இல்லை. ஆனால் கால் மதிப்பெண்ணுக்கு உண்டான அளவு, மரத்தின் நிழல் மட்டும் அதே இடத்தில் கிடந்தது. கிளைகளும் இலைகளும் அசைந்தபடி இருக்க, காலையில் மேற்கேயும் மாலையில் கிழக்கேயும் சாய்ந்து, மழை பெய்தால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு நனையாத இடமும் விட்டது. இயந்திரங்கள் அதன்மேல் தாரை ஊற்றின, உருளை உருண்டது, நிழல் தாரின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. சாலைத் துறை கோப்பில் அது 'நிழல், தடையல்ல' என்று பதிவாயிற்று. நட்டவன் யார் என்று தெரியாத ஒன்றுக்கு யார் பெயரில் சிலை வைப்பது என்று குழம்பிச் சிலைக் குழு கலைந்தது. எரித்த ராஜாவின் வரி பாடப் புத்தகத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. டீச்சர் பீரியட் தொடங்கியதும் சலவைக் கடைக்காரர் மகளை எழுப்பி, மரம் நிஜமில்லை, நான் போட்டதுதான் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். எந்த மரத்தைச் சொன்னோம் என்று டீச்சருக்கு மறுகணமே மறந்துபோனது.

இன்ஜினியர் ஓய்வு பெறுவதற்கு முன்பே சாலையைத் திறந்தார்கள். திறப்பு விழாவில் அவருக்கு ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். ஓய்வுக்குப் பிறகு ஒரு மத்தியானம் இருவரும் மகளைப் பார்க்கக் கிளம்பி, பெட்டியோடு நிறுத்தத்தில் நின்றார்கள். வெயில் கொளுத்தியது. எல்லாரையும்போல அவர்களும் அந்த நிழலுக்குள் போய் நின்றார்கள். கேஸ் மூடினாயா என்று அவர் கேட்டார், மூடினேன் என்று இவர் சொன்னார். பேச்சு அதோடு முடியவேண்டியது, எப்போதும் அதோடுதான் முடியும். ஆனால் அவர் ஏதோ தொலைத்தவர்போல் சாலையையும் இவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி உன்னை நான் எங்கேயாவது பார்த்திருக்கேனா?"

டீச்சர் நன்றாக யோசித்துப் பார்த்தார். "இல்லையே."

"பார்த்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

"இப்போ பாருங்க" என்றார் டீச்சர்.

அவர் பார்த்தார். இவருடைய நெற்றியிலும் கன்னத்திலும் இலைகளின் நிழல் அசைந்துகொண்டிருந்தது, மேலே வெறும் வானம்தான். பேருந்து வந்தது. வெயிலில் நிறுத்த விரும்பாத ஓட்டுநர், எல்லா ஓட்டுநர்களையும்போல நிழலுக்குள் கொண்டுவந்து நிறுத்தி, ஏறுகிறீர்களா இல்லையா என்று கேட்டார், பதில் வராததால் எடுத்துக்கொண்டு போனார்.